'ஃப்னு' யார்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டைவர்சிட்டி ஆபீஸர் வேலை: ஓர் எளிய அறிமுகம்

ஆகஸ்ட் கடைசி வாரம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புது செமஸ்டரின் முதல் வகுப்பு. பேராசிரியர் மடிக்கணினியைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வருகிறார். "ஃப்னு?" யாரும் கை தூக்கவில்லை. இன்னொரு முறை "ஃப்னு?" என்கிறார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கி மூன்று வாரமே ஆன ஒரு பெண், அது வேறு யாரோ என்று பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். பட்டியல் வாசித்து முடித்த பிறகுதான் தன் பெயர் வரவே இல்லை என்பது அவளுக்கு உறைக்கிறது.

நான் அங்கே மாணவர் உதவி அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் அது. மறுநாள் அவள் தன் அடையாள அட்டையை என் மேஜைமேல் வைத்து, "அண்ணா, இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப், என், யு என்று மூன்று எழுத்து. அவள் பெயரும் அப்பா பெயரும் ஒன்றாகச் சேர்ந்து குடும்பப் பெயர் இடத்தில் கிடந்தன. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். அமெரிக்க விசாவில் அதைக் காலியாக விட முடியாது. அதனால் இருக்கிற பெயர் முழுவதையும் அங்கே ஏற்றிவிட்டு, முதற்பெயர் கட்டத்தில் 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்' என்பதன் சுருக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதைத்தான் பேராசிரியர் பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டார்.

எங்கே போய்ச் சரிசெய்வது? மாணவர் பதிவு அலுவலகத்தில், "விசாவில் உள்ளபடிதான் ஏற்ற முடியும்" என்றார்கள். கணினிப் பிரிவில், "மென்பொருள் அப்படி, கட்டம் காலியாக இருந்தால் ஏற்காது" என்றார்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில், "விசா விவகாரத்தில் நாங்கள் கை வைக்க முடியாது" என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஒருவருக்கும் அவள்மேல் வெறுப்பில்லை. ஆனாலும் அவள் இரண்டு வருடம் ஃப்னுவாகவே இருந்தாக வேண்டும் என்ற நிலை.

மூன்று அலுவலகமும் தன் வேலையைச் சரியாகச் செய்தும் ஒரு மாணவர் வெளியே நிற்கும் இந்த மாதிரி இடத்தைக் கண்டுபிடித்து, மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, தீர்வு வரும்வரை விடாமல் இருப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் அவர்தான் டைவர்சிட்டி ஆபீஸர். பெரிய பல்கலைக்கழகங்களில் அந்தப் பிரிவின் தலைவரை சீஃப் டைவர்சிட்டி ஆபீஸர் என்பார்கள். துணைத்தலைவர் அல்லது துணை புரோவோஸ்ட் (கல்விப் பொறுப்பின் தலைமை அதிகாரிக்கு அடுத்த நிலை) அந்தஸ்தில் இருப்பார்.

எங்கள் இடத்தில் கிடைத்த தீர்வு எளிமையானது. சட்டப்படியான பெயர் அதற்குரிய கட்டத்தில் அப்படியே இருக்கும். பக்கத்தில் 'அழைக்கும் பெயர்' என்று இன்னொரு கட்டம். வகுப்புப் பட்டியல், அடையாள அட்டை, மின்னஞ்சல் மூன்றும் அதிலிருந்து பெயரை எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது கட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரவியதற்குப் பெரும் காரணம் திருநங்கை, திருநம்பி மாணவர்கள் நடத்திய போராட்டம். மதுரைப் பெண்ணுக்கு அவள் பெயரை மீட்டுக் கொடுத்தவர்கள் அவள் சந்தித்தே இராத அந்த மாணவர்கள்.

மூன்று சொற்கள்

டி.இ.ஐ. என்று செய்தியில் அடிபடும் சுருக்கத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. டைவர்சிட்டி என்றால் பன்முகத்தன்மை: வாசலுக்குள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஈக்விட்டி என்றால் நியாயம்: ஒரே விதி எல்லோர்மேலும் ஒரே மாதிரி விழுகிறதா, சிலர்மேல் மட்டும் பாரமாக விழுகிறதா என்ற கேள்வி. இன்க்ளூஷன் என்பதை எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று சொல்லலாம்: உள்ளே வந்தவர் தன் இடம் என்று நினைத்து உட்கார முடிகிறதா என்பது. முதலாவதை எண்ணிவிடலாம். இரண்டாவதுக்கு விதிப் புத்தகத்தையும் படிவங்களையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். மூன்றாவதற்கு ஆட்களோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். குறுக்கு வழி இல்லை.

இட ஒதுக்கீடு என்று நினைத்துவிடாதீர்கள்

தமிழ் வாசகர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நமக்கு உயர்கல்வியில் சமூகநீதி என்றதும் 69 சதவீதம் ஞாபகத்துக்கு வரும். சென்னை மாகாணத்து வகுப்புவாரி அரசாணை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அடிபட்டு, அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்த கதை நமக்குத் தெரியும். இங்கே அது சட்டம் தந்த உரிமை. இத்தனை இடம் என்று எண்ணிக் கேட்கலாம்.

அமெரிக்காவில் அந்த வழி 1978லேயே அடைபட்டுவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மை மாணவர்களுக்கென ஒதுக்கியிருந்தது. ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். இப்படி இடங்களை எண்ணி ஒதுக்குவது கூடாது, ஆனால் சேர்க்கையின்போது இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் 'பார்க்கலாம்' 45 வருடம் நீடித்தது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வடக்கு கரோலினா பல்கலைக்கழகங்கள்மீதான வழக்கில் அதுவும் போயிற்று. இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம், அதைப் படிக்கலாம் என்ற அளவில் ஒரு சிறு கதவை மட்டும் தீர்ப்பு விட்டு வைத்தது. அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்ந்த வகுப்பில் கறுப்பின மாணவர் பங்கு 5 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டுகளின் சராசரி 13.

ஆக, டைவர்சிட்டி ஆபீஸர் கையில் ஒதுக்கீட்டுப் பட்டியல் எதுவும் இருந்ததில்லை. எந்தெந்தப் பள்ளிகளுக்குப் போய் மாணவர்களைத் தேடுகிறோம், உதவித்தொகை யாரை எட்டுகிறது, ஆசிரியர் வேலைக்கான விளம்பரம் எங்கே போகிறது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போகிறார்கள் என்பவைதான் அவர் வேலை செய்யும் இடங்கள்.

இரும்பு நுரையீரலும் ஒரு மருத்துவமனை வார்டும்

இந்த அலுவலகங்கள் நிர்வாகத்தின் பெருந்தன்மையால் வந்தவை என்று சொன்னால் நம்பாதீர்கள். 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த மார்ச் வரை போனது. அங்கே இன ஆய்வுகளுக்கென்று தனிப் பிரிவு உருவானது அதனால்தான்.

எனக்கு நெருக்கமான கதை எட் ராபர்ட்ஸ் கதை. 14 வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய அசைவே இல்லை. இரவு மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளை இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். 1962இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படிக்க வந்தார். அந்த இயந்திரத்தை வைக்கத் தோதான விடுதி அறை இல்லை. கடைசியில் வளாகத்துக்குள்ளேயே இருந்த கவல் மருத்துவமனையில் ஒரு பகுதியை அவருக்கு விடுதியாக்கினார்கள். அடுத்தடுத்து அவரைப் போன்றவர்கள் வந்து சேர, அந்த வார்டே ஒரு கூட்டமாகிவிட்டது. சக்கர நாற்காலியை யார் பழுது பார்ப்பது, உதவியாளரை எப்படி அமர்த்துவது, எந்த வீட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று அவர்களே யோசித்து 1970இல் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான திட்டம் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் தொடங்க வைத்தார்கள். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் உள்ள மாற்றுத்திறனாளி உதவி அலுவலகங்களுக்கு அது முன்னோடிகளில் ஒன்று. இவருக்கு வேலை பார்க்கும் தகுதி வரவே வராது என்று ஒரு காலத்தில் முடிவுகட்டிய கலிஃபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் அவர் தலைவரானார்.

சட்டம் கேட்கும் பதவி, சட்டம் கேட்காத பதவி

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பல்கலைக்கழகத்தில் சமத்துவம் சார்ந்த பதவிகள் இரண்டு வகை.

கூட்டரசின் (மத்திய அரசின்) பணத்தை வாங்கும் கல்வி நிறுவனம் இனத்தின் பேரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு. பாலினத்தின் பேரால் கூடாது என்கிறது 1972இல் வந்த கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு (டைட்டில் நைன்). மாற்றுத்திறனின் பேரால் கூடாது என்கிறது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு. பாலினப் புகார்களைக் கவனிக்க ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். அவர் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர். 504க்கும் அப்படி ஒருவர் வேண்டும். இவர்கள் கையில் விதிமுறையும் விசாரணை நடைமுறையும் உண்டு.

சீஃப் டைவர்சிட்டி ஆபீஸரை வைக்கச் சொல்லி எந்தக் கூட்டரசுச் சட்டமும் கேட்டதில்லை. அவருக்கு விசாரணை அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. சேர்க்கைப் பிரிவு அவர் கீழ் இல்லை. பேராசிரியரை நியமிப்பது துறை. பாடத்திட்டம் ஆசிரியர் பேரவையின் கையில். எல்லா இடத்திலும் விருந்தாளியாகப் போய், எல்லா இடத்திலும் மாற்றம் கேட்க வேண்டிய வேலை. அறிக்கை எழுதத் தெரிவது இரண்டாம் பட்சம். சக அதிகாரியின் கவலை என்னவென்று புரிந்துகொண்டு பேசத் தெரிவதுதான் இதில் முதல் தகுதி. எங்கள் பெயர்க் கட்டம் வந்ததும் அப்படித்தான். பேராசிரியர்கள் தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு தினமும் தொலைபேசியில் கூப்பிடுவது பதிவு அலுவலகத்துக்கே தலைவலியாக இருந்தது. அதைத் தீர்க்கலாம் என்று சொன்னபோதுதான் அவர்கள் காது கொடுத்தார்கள்.

எண்களைப் படிக்கத் தெரிவது அடுத்தது. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே சேர்ந்தவர்களில் ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்கியோர் 32 சதவீதம்தான். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, நன்றாகப் படிப்பவர்கள்கூடச் சில நூறு டாலர் கட்டண பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட்டு வீட்டுக்குப் போவது தெரிந்தது. நம் ஊரில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் ஹால் டிக்கெட் இல்லாமல் நிற்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 2011 முதல் அப்படிப்பட்டவர்களின் கணக்கில் அவர்கள் கேட்காமலேயே சிறு தொகையைப் போட்டு பாக்கியை அடைக்கத் தொடங்கினார்கள். 2012இல் மதிப்பெண், எடுக்கும் பாடங்கள் ஆகியவற்றைத் தினமும் கண்காணித்து, சறுக்கல் தெரிந்ததும் வழிகாட்டி ஆலோசகர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசும் முறை வந்தது. பட்டம் பெறுவோர் விகிதம் 50ஐத் தாண்டியது. கறுப்பின மாணவர், லத்தீன் மாணவர், ஏழை மாணவர் எல்லோரும் மொத்த விகிதத்துக்குக் குறையாமல் பட்டம் வாங்கினார்கள். இத்தனைக்கும் அந்த உதவி இனம் பார்த்துத் தரப்பட்டதல்ல. இதை முன்னின்று நடத்தியது டைவர்சிட்டி அலுவலகமும் அல்ல, மாணவர் வெற்றிப் பிரிவு. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன்.

சாதி அங்கேயும் வந்திருக்கிறது

நாம் பேசத் தகுதியுள்ள விஷயம் ஒன்று உண்டு. 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாடு தடுப்புக் கொள்கையில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. 2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் சேர்த்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேன்மொழி சௌந்தரராஜன் போன்ற தலித் செயற்பாட்டாளர்களின் பல வருட உழைப்பு இதில் இருக்கிறது. இந்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் சந்தேகத்தோடு பார்க்க இது வழி வகுக்கும் என்று எதிர்ப்பும் வந்தது. பேராசிரியர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். மாநில அளவில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா கலிஃபோர்னியாவில் இரு அவைகளிலும் நிறைவேறியும், இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி ஆளுநர் கேவின் நியூசம் 2023 அக்டோபரில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கொள்கையில் ஒரு சொல் சேர்வது தேவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று அங்குள்ள அதிகாரிக்குப் புரிய வைப்பது தனி வேலை. அறைத்தோழர் தேடும் வாட்ஸாப் குழுவில் "சைவம் மட்டும்" என்று வரும் அறிவிப்பு சில நேரம் வெறும் சாப்பாட்டு விஷயம்தான். சில நேரம் அதற்கு மேலும் அர்த்தம் உண்டு. "ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்ற கேள்வி அமெரிக்கர் காதுக்கு முகவரி கேட்பதாகத்தான் விழும். கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் அது என்னவென்று தெரியும். இதை வெறுப்பில்லாமல், மழுப்பாமலும் விளக்கிச் சொல்லக்கூடிய தமிழர்கள் அந்த அலுவலகங்களில் இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

இப்போது இந்த வேலை இருக்கிறதா?

நேர்மையாகச் சொன்னால், இந்தப் பெயரில் பல இடங்களில் இல்லை. டெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒன்றின்படி 2024 ஜனவரி 1 முதல் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் டி.இ.ஐ. அலுவலகம் வைக்கக் கூடாது. பாடமும் ஆராய்ச்சியும் மாணவர் சங்கங்களும் அந்தத் தடைக்குள் வரவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் முதலில் அலுவலகத்தின் பெயரை மாற்றிப் பார்த்தது; ஏப்ரலில் அந்தப் பிரிவையே மூடி ஊழியர்களை அனுப்பிவிட்டது. 2016 முதல் இதற்காகப் பெரிய திட்டங்கள் போட்டு நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் அலுவலகத்தை மூடியது. அந்த ஜனவரியில் டி.இ.ஐ.க்கு எதிராக அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணைகள் அதற்குப் பின்னணி.

இந்த அலுவலகங்கள்மேல் வந்த விமர்சனம் எல்லாமே துவேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரக் கட்டாயப் பயிற்சி வீடியோவைப் பார்க்க வைத்துக் கையெழுத்து வாங்கினால் மனம் மாறிவிடும் என்று நம்பியது தப்பு. வேலைக்கு விண்ணப்பிக்கும் வேதியியல் பேராசிரியரிடம் டைவர்சிட்டி பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னதில் எழுதும் சாமர்த்தியம்தான் தெரிந்ததே தவிர, மாணவரை அவர் எப்படி நடத்துவார் என்பது தெரியவில்லை. எம்.ஐ.டி. 2024இல் தானே அதைக் கைவிட்டது. ஆனால் ஆறாம் தலைப்பும் ஒன்பதாம் தலைப்பும் 504ஆம் பிரிவும் இன்னும் சட்டமாகத்தான் இருக்கின்றன. காது கேளாத மாணவருக்கு இன்னும் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்குப் படிவம் நிரப்ப இன்னும் ஆள் வேண்டும். அந்த வேலைகள் மாணவர் வெற்றி, மாணவர் உதவி, அணுகல்தன்மை, சமூக ஈடுபாடு என்று வேறு பெயர்ப் பலகைகளின் கீழ் நடக்கின்றன. தேடும்போது அந்தச் சொற்களையும் போட்டுத் தேடுங்கள்.

உள்ளே நுழைவது எப்படி

நேராக மேல் பதவிக்கு யாரும் போவதில்லை. வழக்கமான பாதை, உயர்கல்வி நிர்வாகம் அல்லது மாணவர் விவகாரத்தில் இரண்டு வருட முதுகலை. படிக்கும்போதே ஏதாவது ஒரு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை பார்க்கலாம். பிறகு விடுதிப் பொறுப்பாளர், பாட ஆலோசகர், மாற்றுத்திறனாளி உதவி அலுவலர் போன்ற வேலைகள். விடுதி வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி அழும் மாணவரிடம் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். மேலே போகப் போக முனைவர் பட்டம் கேட்பார்கள். சமூகவியல், சமூகப்பணி, உளவியல், சட்டம் படித்து வந்தவர்களும் நிறைய. பேராசிரியராக இருந்து வருகிறவர்களுக்கு ஒரு வசதி, மற்ற பேராசிரியர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது, சட்டம் கேட்கும் பதவிகளில் ஒன்றில் காலூன்றிக்கொள்ளுங்கள். அரசியல் காற்று மாறினாலும் அவை நிற்கும்.

இந்தியாவில் இது தனித் தொழிலாக இன்னும் வளரவில்லை. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்றன. பெரும்பாலும் ஏற்கெனவே நான்கு பொறுப்பு சுமக்கும் ஒரு பேராசிரியரின் தலையில் ஐந்தாவதாக அதை வைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக நேர்காணல் பற்றி. அவர்கள் உங்களிடம் கேட்பதைவிட நீங்கள் கேட்பது முக்கியம். இந்தப் பதவியில் இருப்பவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? படிப்பைப் பாதியில் விட்டவர்களின் கணக்கு துறைவாரியாக எனக்குப் பார்க்கக் கிடைக்குமா, ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டுமா? இந்த அலுவலகம் போன வருடம் சொன்னதில் எதை, எந்தத் துறை மாற்றிக்கொண்டது? மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ஒரு துறையின் பெயரும் ஒரு தேதியும் வந்தால் வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். வரவேற்பு விழாப் புகைப்படங்களைக் காட்டினால் இன்னும் நாலு இடத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.